காலை 7.01-க்கு அழைப்பு, பிற்பகல் 3.14-க்கு நிபந்தனை

ஒரு விளையாட்டு அணியின் பேஸ்புக் பக்கத்திலோ இன்ஸ்டாகிராமிலோ "வாருங்கள், கொண்டாடுவோம்" என்று ஒரு வரி போட எவ்வளவு நேரம் ஆகும்? படம் தயாராக இருந்தால் அரை நிமிடம். டைப் செய்து ஒரு பட்டனைத் தட்டினால் வேலை முடிந்தது. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் எத்தனை பேர், அவர்கள் வந்து சேரும் இடத்தில் எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது? இந்தக் கணக்கைப் போடுவதற்கு அந்தப் பக்கத்தில் எந்தப் பட்டனும் இல்லை.

விளையாட்டு அணிகளும் சமூக வலைத்தளங்களும் என்று தலைப்புக் கொடுத்தால் வழக்கமாக என்ன எழுதுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எந்த அணிக்கு எத்தனை லட்சம் ரசிகர்கள், எந்த வீரரின் படத்திற்கு எத்தனை லைக், ஸ்பான்சர்கள் ஏன் இதில் பணத்தைக் கொட்டுகிறார்கள் என்று போகும் அந்தக் கட்டுரை. போடிநாயக்கனூரில் உட்கார்ந்து இதை எழுதும் எனக்கு அந்தக் கணக்கில் அவ்வளவு அக்கறை இல்லை. அணியோ, கிளப்போ, சங்கமோ, ஆட்களை ஓரிடத்திற்கு வரச் சொல்லும் போஸ்ட்டை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஆளை அழைக்கும் போஸ்ட்டிலேயே எத்தனை பேருக்கு இடம், எப்படி உள்ளே நுழைவது, யார் அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்ற மூன்றும் இருக்க வேண்டும். பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றால் அந்தப் பிறகு வருவதே இல்லை. ஏன் வருவதில்லை என்பதில் கொஞ்சம் தொழில்நுட்பமும் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன் பெங்களூருக்குப் போய் வரலாம்.

பெங்களூரில் ஒரு காலைப் பொழுது

2025 ஜூன் 3 அன்று ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூரு அணி அகமதாபாத்தில் பஞ்சாப் கிங்ஸ் அணியை 6 ரன்களில் வென்று ஐ.பி.எல். கோப்பையை வாங்கியது. பதினெட்டு சீசன்கள் காத்திருந்து கிடைத்த முதல் கோப்பை. ரசிகர்கள் இரவெல்லாம் தூங்கவில்லை. மறுநாள் நடந்ததைக் கர்நாடக அரசு உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த அறிக்கை நேர வாரியாகச் சொல்கிறது.

காலை 7.01-க்கு அணியின் பக்கத்தில் முதல் போஸ்ட். விதான சவுதாவில் தொடங்கி சின்னசாமி மைதானத்தில் முடியும் வெற்றி ஊர்வலத்திற்கு எல்லோரும் வாருங்கள் என்று அழைப்பு. அடுத்து எட்டு மணிக்கு ஒன்று. ஒன்பது மணிக்குச் சற்று முன்பாக விராட் கோலியின் வீடியோ. நான்காவது போஸ்ட் பிற்பகல் 3.14-க்கு வந்தது. இலவச பாஸ் உண்டு, அதை அணியின் இணையதளத்தில் எடுக்க வேண்டும், இடம் குறைவு என்ற விவரம் முதன்முதலாக அதில்தான் இருந்தது. நான்கையும் சேர்த்து 44 லட்சம் தடவை பார்த்திருக்கிறார்கள் என்கிறது அரசு. மைதானத்தில் உட்காரும் இடம் ஏறக்குறைய 35 ஆயிரம். அந்தப் பகுதியில் திரண்டவர்கள் 3 லட்சத்திற்கும் மேல். வாசல்களில் நெரிசல் ஏற்பட்டு 11 பேர் இறந்தார்கள்.

7.01-க்கும் 3.14-க்கும் நடுவே 8 மணி 13 நிமிடம். முதல் போஸ்ட்டைப் பார்த்த ஒருவர் கோலாரிலிருந்தோ ஓசூரிலிருந்தோ பஸ் பிடித்து வந்து, மதியச் சாப்பாட்டையும் முடித்துவிட்டு, மைதான வாசலில் நிற்பதற்குப் போதுமான நேரம் இது. அவர் வாசலில் நிற்கும்போதுதான் "பாஸ் வேண்டும்" என்று அணி சொல்கிறது. அந்தக் கூட்டத்தில் போனை எடுத்துத் தளத்தைத் திறந்து பாஸ் எடுப்பது நடக்கிற காரியமா?

போலீஸ் அனுமதி பற்றிய கேள்வி தனி. ஊர்வலத்தைப் பற்றித் தகவல் மட்டும் தெரிவித்தார்கள், முறைப்படி அனுமதி கேட்கவில்லை என்று அரசு சொன்னது. மத்திய நிர்வாகத் தீர்ப்பாயமும் அந்தக் கூட்டம் திரண்டதற்கு அணிதான் பொறுப்பு என்று முதல் பார்வையில் தெரிவதாக 2025 ஜூலையில் சொன்னது. அரசு நிர்வாகத்தின் மேலும் மாநில கிரிக்கெட் சங்கத்தின் மேலும் கேள்விகள் எழுந்தன. அதையெல்லாம் நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும். ரசிகர்களைத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், "இவர்களுக்கு வேறு வேலை இல்லையா" என்று. அது அநியாயம். வீட்டிற்கு அழைத்துவிட்டு, வந்தவனைப் பார்த்து ஏன் வந்தாய் என்று கேட்பது நம் ஊர் வழக்கம் இல்லை.

பழைய போஸ்ட் ஏன் ஓய்வதில்லை?

திருத்தம் போட்டால் போதும் என்று நினைக்கும் அட்மின்கள் நிறைய பேர். பேப்பரில் "திருத்தம்" என்று சின்ன எழுத்தில் ஒரு பெட்டி போடுவார்கள் அல்லவா, அதுபோல நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் சமூக வலைத்தளம் பேப்பர் மாதிரி வேலை செய்வதில்லை.

இப்போது பெரிய தளங்களில் போஸ்ட்டுகள் பெரும்பாலும் நேர வரிசையில் வருவதில்லை. பேஸ்புக் இதை முதலிலேயே மாற்றிவிட்டது. ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் 2016-இல் மாறின. எந்த போஸ்ட்டுக்கு லைக்கும் கமெண்ட்டும் ஷேரும் குவிகிறதோ அதை மேலும் மேலும் பலருக்குக் காட்டும்படிதான் அந்த சாப்ட்வேர் எழுதப்பட்டிருக்கிறது. கோப்பையைத் தூக்கிப் பிடித்த படத்துடன் "வாருங்கள்" என்றால் லைக் குவியும். "பாஸ் இருந்தால் மட்டும் அனுமதி" என்ற வெற்று எழுத்துக்கு யார் ஹார்ட்டின் போடப் போகிறார்கள்? ஆகவே அழைப்பு மேலே மிதக்கும், நிபந்தனை அடியில் கிடக்கும். மதியம் மூன்றரைக்கு உங்கள் போனைத் திறந்தால் காலை ஏழு மணி அழைப்பே முதலில் வந்து நிற்கலாம்.

வாட்ஸ் அப் விஷயம் இன்னும் மோசம். அங்கே ஒரு செய்தியைப் பார்வர்டு செய்தால் அது தனிப் பிரதியாகிவிடுகிறது. நீங்கள் அனுப்பியதை 15 நிமிடத்திற்குள் திருத்தலாம் என்ற வசதி 2023 மே மாதம் வந்தது. உங்கள் குரூப்பில் அது திருந்தும். அதற்குள் யாராவது வேறு குரூப்பிற்கு அனுப்பியிருந்தால் அங்கே பழையதுதான் உலவும். வதந்தியால் பல உயிர்கள் போன பிறகு, ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது 5 குரூப்புகளுக்கு மேல் பார்வர்டு செய்ய முடியாது என்று 2018 ஜூலையில் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டு வந்தார்கள். வேகம் குறைந்தது உண்மை. போனது போனதுதான்.

இதற்கு எங்கள் பக்கத்திலேயே நான் பார்த்த ஒரு சின்ன உதாரணம். சித்திரைத் திருவிழாவை ஒட்டி ஒரு வாலிபால் போட்டி. நோட்டீஸ் அழகாக டிசைன் செய்திருந்தார்கள். தேதி, நேரம், நுழைவுக் கட்டணம், முதல் பரிசு யார் கொடுக்கிறார், இரண்டாம் பரிசு யார் கொடுக்கிறார், சிறப்பு விருந்தினர்களின் போட்டோக்கள் எல்லாம் இருந்தன. வருடம் மட்டும் இல்லை. அந்த ஆண்டு போட்டி நன்றாகவே நடந்தது. அடுத்த ஆண்டு யாரோ அதே படத்தை ஸ்டேட்டஸில் வைக்க, அது மலைக்கு மேலே ஏறிவிட்டது. போடிமெட்டைத் தாண்டி ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்க்கும் பையன்கள் ஒரு டீம். வேலைக்கு லீவு சொல்லி, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஜீப் பிடித்து, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்தார்கள். மைதானத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. நெட் கட்டும் கம்பம்கூட இல்லை. ஆளுக்கு ஒரு நாள் கூலி போச்சு, ஜீப் வாடகையும் போச்சு. நோட்டீஸில் இருந்த செல் நம்பருக்குப் போட்டால், "அது போன வருஷம் தம்பி" என்று பதில் வந்ததாம். பையன்கள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெங்களூரில் நடந்ததும் இதுவும் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அடிப்படையில் இரண்டிலும் குறை ஒன்றுதான்.

குரங்கணி

அளவில் பெரியதும் எங்கள் மலையிலேயே நடந்திருக்கிறது, பெங்களூருக்கு ஏழு வருடம் முன்பே. போடியிலிருந்து மெட்டுக்கு ஏறும் ரோட்டில் முந்தல் பக்கம் பிரிந்து போனால் குரங்கணி. அதற்கு மேலே கொழுக்குமலை. தேனி மாவட்டத்தில் இருந்தாலும், ஜீப்பில் போகிறவர்கள் கேரளப் பக்கம் சூரியநெல்லி வழியாகத்தான் போவார்கள். நடந்து ஏறுகிறவர்களுக்குக் குரங்கணி வழி. சூரிய உதயம் பார்க்க நல்ல இடம் என்பதால் இன்ஸ்டாகிராமில் இந்த மலையின் படம் இல்லாத நாளே கிடையாது.

2018 மார்ச் 10, சனிக்கிழமை. சென்னை டிரெக்கிங் கிளப் மகளிர் தினத்தை ஒட்டி ஏற்பாடு செய்த பயணத்தில் ஒரு குழு இங்கிருந்து ஏறியது. ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு குழுவும் இருந்தது. பலர் ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள். மறுநாள் கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போது காட்டுத் தீயில் சிக்கிக்கொண்டார்கள். இறந்தவர்கள் எண்ணிக்கை கடைசியில் 23 ஆனது.

அந்த கிளப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது முழுக்க முழுக்க இணையத்தில் பிறந்து வளர்ந்த விளையாட்டு அமைப்பு. பெல்ஜியம் நாட்டுக்காரர் ஒருவர் 2008-இல் தொடங்கினார். பெரிய ஆபீஸ் கிடையாது, லாப நோக்கம் கிடையாது. இணையதளம், இமெயில், பேஸ்புக் இவைதான் அலுவலகம். மலையேற்றம் மட்டுமல்ல, மலைப்பாதை மாரத்தான், டிரையத்லான், நீச்சல் என்று நடத்தினார்கள். கடற்கரைக் குப்பையை அள்ளினார்கள். 2015 சென்னை வெள்ளத்தில் நிவாரண வேலை செய்தார்கள். பத்தாயிரக்கணக்கில் உறுப்பினர்கள். காட்டையும் மலையையும் சினிமாவில் மட்டுமே பார்த்திருந்த பெண்கள், வீட்டில் துணைக்கு ஆள் இல்லை என்ற ஒரே காரணத்தால் எங்கும் போகாதவர்கள், ஒரு பக்கத்தில் பெயரைப் பதிந்து முதுகுப் பையோடு கிளம்ப முடிந்தது என்றால் அது இணையம் செய்த நல்ல காரியம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதைச் சொல்லாமல் குரங்கணியைப் பற்றி எழுதுவது நியாயம் ஆகாது.

ஆனால் பெயர்ப் பட்டியல் கிளப்பிடம் இருந்தது. மலை வனத்துறையிடம் இருந்தது. குழுக்கள் போன பாதைக்கு முறையான அனுமதி இல்லை என்று அரசு அப்போது சொன்னது. விசாரணைக்கு அதுல்ய மிஸ்ரா ஐ.ஏ.எஸ். நியமிக்கப்பட்டார். மலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையே அன்று இரவு செய்திக்குச் செய்தி மாறியது எனக்கு நினைவிருக்கிறது. முப்பத்தாறு என்றார்கள், முப்பத்தொன்பது என்றார்கள், நாற்பது என்றார்கள். ஒரு கிளிக்கில் சேர்ந்த கூட்டத்தின் கணக்கு, அவசரம் வந்தபோது ஒரு கிளிக்கில் கிடைக்கவில்லை.

மாசி, பங்குனியில் போடியில் மொட்டை மாடியில் படுத்தால் மலையில் நெருப்பு ஒரு கோடு போல வளைந்து ஓடுவது தெரியும். போதைப்புல் காய்ந்து கிடக்கும் காலம் அது. இங்கே பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரிந்த விஷயம். சென்னையில் லேப்டாப்பில் பெயர் பதிகிற ஒருவருக்கு இது தெரிய வழியில்லை. எந்த ஆப்பிலும் அது வராது. அழைக்கிறவர்கள் உள்ளூரில் விசாரித்து அழைப்பிலேயே எழுதினால்தான் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை இன்னொன்றும் நடந்தது. தமிழக முதல்வர் கேட்டுக்கொண்டபடி விமானப்படையை உதவிக்கு அனுப்பச் சொல்லியிருப்பதாக அன்றைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் ட்விட்டரில் அறிவித்தார். நாடு முழுவதும் அதைப் படித்துத்தான் செய்தியைத் தெரிந்துகொண்டது. அதே நேரத்தில் குரங்கணி சுற்றுவட்டார மக்கள் டார்ச் லைட்டோடு ஏறி, போர்வையில் டோலி கட்டி, வெந்த உடம்புகளைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் அதுவரை அந்த கிளப்பின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

சீட் நம்பர் உள்ள அழைப்பு

எல்லா அணிகளும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. குரங்கணி நடந்து ஒரு மாதத்திற்குச் சற்று மேல், அதே 2018 ஏப்ரலில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஒரு காரியம் செய்தது. இரண்டு வருடத் தடைக்குப் பிறகு அணி திரும்பி வந்த சீசன் அது. காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தில் நடக்க வேண்டிய ஆட்டங்கள் ஒன்றைத் தவிர மற்றவை புனேக்கு மாறிவிட்டன. சென்னை ரசிகர்கள் சமூக வலைத்தளங்களில் புலம்பித் தீர்த்தார்கள். அணி ஏப்ரல் 19 அன்று "விசில்போடு எக்ஸ்பிரஸ்" என்று ஒரு தனி ரயிலையே ஏற்பாடு செய்து, சுமார் ஆயிரம் ரசிகர்களைப் புனேக்குக் கூட்டிப் போனது. மறுநாள் ராஜஸ்தான் அணியுடன் ஆட்டம்.

விளம்பரம்தானே என்பீர்கள். விளம்பரம்தான், மறுக்கவில்லை. மஞ்சள் சட்டையோடு சென்ட்ரலில் ஆயிரம் பேர் விசில் அடித்தால் எந்த டி.வி.தான் காட்டாது? ஆனால் கவனியுங்கள், ரயிலுக்கு சீட் நம்பர் உண்டு. ஆயிரத்து ஒன்றாவது ஆளுக்கு இடம் இல்லை என்பது அழைப்பிலேயே அடங்கியிருக்கிறது. யார் வந்தார், யார் திரும்பினார் என்று பட்டியல் இருக்கிறது. அதே ரசிகர் கூட்டம், அதே உற்சாகம். வந்தவர் உட்காருவதற்கு இடத்தை எண்ணி வைத்துவிட்டு அழைத்தார்கள்.

எங்கள் போடியில் ஏலக்காய் ஏலம் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. லாட் நம்பர், எத்தனை மூட்டை, எத்தனை கிலோ என்று திரையில் வராமல் ஒரு வியாபாரியும் விலை கேட்கமாட்டார். ஒரு மூட்டை ஏலக்காய்க்குக் கொடுக்கும் மரியாதையை ஆட்களுக்கும் கொடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

மலையேற்றத்திலும் இப்போது அந்த வழிக்கு வந்திருக்கிறார்கள். மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த 2018-லேயே தமிழக அரசு விதிகள் கொண்டு வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை "டிரெக் தமிழ்நாடு" என்ற இணையதளத்தைத் தொடங்கியது. மொத்தம் 40 பாதைகள். குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகும் பாதையும் அதில் ஒன்று. தளத்தில் தேதியைத் தேர்வு செய்து, பணம் கட்டி, பெயர் விவரம் கொடுத்தால்தான் போக முடியும். கூடவே உள்ளூர் வழிகாட்டி வருவார். 2025-இல் காட்டுத் தீ காலம் என்று பிப்ரவரி நடுவில் மலையேற்றத்தை நிறுத்தியபோது நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. நிறுத்தினால் புக்கிங் நடக்காது. திருத்தம், மறுப்பு, "பார்வர்டு செய்யவும்" என்ற வேண்டுகோள் எதுவும் தேவைப்படவில்லை. புக்கிங் இல்லை என்றால் பயணம் இல்லை. ரீல்ஸில் மட்டும் கொழுக்குமலை எப்போதும் பச்சையாக, எப்போதும் திறந்தே இருக்கும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். கட்டணம் பலருக்கு அதிகம். பழைய கிளப்புகளில் பஸ் டிக்கெட், சாப்பாட்டுச் செலவு மட்டும் போட்டு ஒரு கல்லூரி மாணவர் போய்வர முடிந்தது. அந்தக் கதவு இப்போது ஒருக்களித்துத்தான் திறந்திருக்கிறது. இதை அரசு யோசிக்க வேண்டும்.

கூட்டம் சேர்க்கும் சக்தியை வேறு விதமாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு. இத்தாலியின் ரோமா கால்பந்து அணி 2019-இல் புதிய வீரர்களை ஒப்பந்தம் செய்த செய்தியை ட்விட்டரில் போடும்போது, அந்த வீடியோவிலேயே காணாமல் போன குழந்தைகளின் படங்களையும் சேர்த்துப் போட்டது. வீரர் யார் என்று பார்க்க வரும் லட்சக்கணக்கான கண்கள் அந்தக் குழந்தைகளையும் பார்த்தன. அப்படிக் காட்டப்பட்டவர்களில் சிலர் கிடைத்தார்கள். எல்லோரும் பார்க்கும் போஸ்ட்டிலேயே முக்கியமான தகவலை வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். தனியாக "காணவில்லை" என்று போட்டிருந்தால் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

நீங்கள் கவனிக்க வேண்டியவை

ரசிகராக உங்களுக்கு ஒன்று. பெயருக்குப் பக்கத்தில் நீல டிக் இருந்தால் அசல் பக்கம் என்று நம்பிய காலம் போய்விட்டது. ட்விட்டரில் பழைய டிக்குகளை 2023 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். மாதச் சந்தா கட்டுகிறவர் யாரானாலும் நீல டிக் வாங்கலாம். அதே ஆண்டு பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் சந்தா முறை இந்தியாவிற்கு வந்தது. ஆகவே அணியின் சொந்த இணையதளத்திற்குப் போய், அங்கே தரப்பட்டிருக்கும் லிங்க் வழியாக அவர்களின் பக்கத்திற்கு வாருங்கள். எங்காவது கிளம்பும் முன், போஸ்ட் போட்ட நேரத்தைப் பாருங்கள். பிறகு அந்தப் பக்கத்தையே திறந்து அதற்குப் பின் என்ன போட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். உங்கள் டைம்லைனில் வந்ததை மட்டும் நம்பிப் பஸ் ஏறவேண்டாம்.

கிளப் நடத்துகிறவர்களுக்குத்தான் சொல்ல வேண்டியது அதிகம். பெரிய அணிகளுக்கு சம்பளம் வாங்கும் டீம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். பெங்களூரு அணியின் பக்கம் அந்தச் சம்பவத்திற்குப் பிறகு ஏறக்குறைய மூன்று மாதம் பேசாமல் இருந்துவிட்டு 2025 ஆகஸ்ட் கடைசியில்தான் மீண்டும் போஸ்ட் போட்டது. இறந்தவர்களின் குடும்பத்திற்குத் தலா 25 லட்சம் ரூபாய் அறிவித்தது. நம் ஊர் கபடிக் குழுவிற்கும் வாலிபால் கிளப்பிற்கும் இருப்பது ஒரு போனும், நோட்டீஸ் டிசைன் செய்யத் தெரிந்த ஒரு பையனும்தான். "எங்களால் என்ன செய்ய முடியும்" என்று கேட்பார்கள். செலவில்லாமல் செய்யலாம்.

நோட்டீஸில் வருடத்தைப் போடுங்கள். கிழமையையும் சேர்த்துப் போட்டால் இன்னும் நல்லது. படத்தின் கீழே எழுதாமல் படத்துக்குள்ளேயே எழுதுங்கள், ஏனென்றால் பார்வர்டு ஆகும்போது பலர் படத்தை மட்டும்தான் அனுப்புவார்கள்.

அடுத்தது, கூகுள் பார்ம்ஸ். ஜிமெயில் அக்கவுண்ட் இருந்தால் போதும், இலவசம். டீம் பெயர், கேப்டன் பெயர், எத்தனை பேர், எந்த ஊர், போன் நம்பர் என்று ஐந்து கேள்வியோடு ஒரு பார்ம் தயார் செய்யுங்கள். அதன் லிங்க்கை க்யூஆர் கோடாக மாற்றி நோட்டீஸின் மூலையில் பெரிதாக வையுங்கள். செல் நம்பரோடு இதுவும் இருக்கட்டும். பதினாறு டீம் சேர்ந்ததும் அந்த பார்மில் பதில்களை ஏற்கும் ஸ்விட்சை ஆப் செய்துவிடுங்கள். அங்கேயே ஒரு பெட்டி வரும். அதில் "இடம் நிரம்பிவிட்டது, தயவுசெய்து கிளம்பி வரவேண்டாம்" என்று தமிழிலேயே டைப் செய்யலாம். மழையால் தள்ளிப்போனால் புதுத் தேதியை எழுதலாம். போட்டி முடிந்த பிறகு "இந்த ஆண்டுப் போட்டி முடிந்தது" என்று எழுதி விட்டுவிடுங்கள். நோட்டீஸ் எத்தனை குரூப்புகளில் சுற்றினாலும் சரி, அடுத்த சித்திரையில் தோட்டத்துப் பையன் ஒருவன் மெட்டில் நின்று அந்தக் கோடை ஸ்கேன் செய்தால், ஜீப் ஏறும் முன்பே அந்த வரி அவன் போனில் வந்துவிடும்.